மூப்பும் மீளுருவாக்க மருத்துவமும்

முன்னுரை

நரையும் திரையும் மூப்பும் மாந்தர் அனைவர்க்கும் பொதுவானவை. முன்னாளில் அரியவராய் இருந்த எழுபது, எண்பது அகவையினர் இன்று நம் குடும்பங்கள் தோறும் உள்ளனர். நீண்ட வாழ்நாள் ஒரு பேறே ஆகும். ஆயினும் அந்நாள்கள் முழங்கால் வலியோடும், மங்கிய பார்வையோடும், ஆறாப் புண்ணோடும் கழியுமாயின் அப்பேறே சுமையாகிவிடுகிறது.

இத்தகைய துன்பத்தில் இருப்போரை நோக்கித்தான் தேய்ந்த மூட்டை வளர்ப்போம், இழந்த இளமையைத் திருப்புவோம் என்னும் விளம்பரங்கள் வருகின்றன. ‘ஸ்டெம் செல்’ என்னும் பெயரைக் கேட்டவுடன், பேரப்பிள்ளைகளின் கல்விக்கென ஒதுக்கிய பணத்தையும் எடுத்துக் கொடுக்க முன்வரும் முதியோர் உண்டு. இப்பெயருக்குப் பின்னே உண்மையான அறிவியல் ஒன்று இருக்கின்றது. அதன் நிழலில் வளர்ந்த வணிகமும் இருக்கின்றது. இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடல் தன்னைத் தானே செப்பனிடும் முறை

பல்லி இழந்த வாலை மீண்டும் வளர்க்கிறது. வெட்டி நட்ட முருங்கைக் கொம்பு துளிர்த்து மரமாகிறது. மனித உடலுக்கு அத்துணை ஆற்றல் இல்லை எனினும், அது தன்னைச் செப்பனிடாத நாள் ஒன்றும் இல்லை. குருதியின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்களே வாழும். அழிந்தவற்றை ஈடுசெய்ய எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் இருபது இலட்சம் அளவில் புதிய அணுக்களைப் படைக்கின்றது. சிறுகுடலின் உட்படலம் மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் புதுப்பிக்கப்படுகிறது. மேல்தோல் ஏறத்தாழ ஒரு திங்களில் மாறிவிடுகிறது. உறுதியின் உருவமாக நாம் எண்ணும் எலும்பும் ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் புதிதாக்கப்படுகிறது. கல்லீரலின் ஒரு பகுதியைப் பிறருக்கு அளித்தவரின் உடலில், எஞ்சிய பகுதி சில திங்களில் தேவையான அளவுக்கு வளர்ந்துவிடுகிறது.

எல்லா உறுப்புகளுக்கும் இவ்வாற்றல் ஒரே அளவில் வழங்கப்படவில்லை. கண்ணாடி போன்ற கண்வில்லையின் நடுப்பகுதியில் உள்ள புரதங்கள் பிறப்பிலிருந்தே மாறாமல் இருப்பவை. அவை சிதைவதே முதுமையில் கண்புரையாகத் தோன்றுகிறது. செவியின் உள்ளே ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை. மூட்டின் குருத்தெலும்பில் குருதிக் குழாய்கள் இன்மையால் அது மிக அரிதாகவே சீராகிறது. முதுமையில் நம்மை வருத்துவன பெரும்பாலும் இத்தகைய பகுதிகளே என்பது கருதத்தக்கது.

இதயத் தசை புதுப்பிக்கப்படுகிறதா என்னும் வினாவுக்கு விடை கண்ட முறை வியப்புக்குரியது. 1950களில் தொடங்கி வல்லரசுகள் வானவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கரிமம்-14 என்னும் கதிரியக்கப் பொருள் மிகுந்தது. 1963ஆம் ஆண்டின் தடை உடன்பாட்டுக்குப் பின் அது படிப்படியாகக் குறைந்தது. அந்தந்த ஆண்டில் தோன்றிய உயிரணு அந்தந்த ஆண்டின் கரிம அளவைத் தன் மரபுப் பொருளில் தாங்கி நிற்கும். அதனை அளந்து உயிரணுவின் அகவையைக் கணிக்கலாம் எனச் சுவீடன் நாட்டு அறிஞர் யோனாஸ் ஃபிரிசேன் குழுவினர் கண்டனர். 2009ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, இதயத் தசையணுக்கள் 25 அகவையில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்னும் அளவிலும், 75 அகவையில் அதில் பாதிக்கும் குறைவாகவும் புதுப்பிக்கப்படுகின்றன. அழிவுக்கென்றே செய்த சோதனை, உயிரின் புதுப்பிப்பை அளக்கும் கோலாயிற்று.

குருத்தணு என்னும் சொல்

இப்புதுப்பித்தலைச் செய்யும் மூல உயிரணுக்களையே ஆங்கிலத்தில் ஸ்டெம் செல் என்பர். 1868ஆம் ஆண்டில் ஜெர்மானிய உயிரியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இச்சொல்லின் மூல வடிவத்தை ஆண்டார். எல்லா உயிர்களுக்கும் மூதாதையெனத் தாம் கருதிய ஓரணு உயிரை அதனால் குறித்தார். அடிமரம், குலமரபு என்னும் இரு பொருளும் அச்சொல்லில் உண்டு. தமிழில் இதனைத் தண்டணு எனச் சிலரும் குருத்தணு எனச் சிலரும் பெயர்த்துள்ளனர். குருத்தணு என்பதே பொருத்தமானது என நாம் கருதுகிறோம். தென்னையின் குருத்து ஓலையை ஈன்றுகொண்டே இருக்கும். ஓலைகள் முற்றி உதிரும். குருத்து தன் இடத்தில் நிலைத்திருக்கும். குருத்தணுவும் அவ்வாறே தோலணுவையோ குருதியணுவையோ ஈன்றுகொண்டு, தன்னைப் போன்ற குருத்தணுவையும் விட்டுவைக்கிறது. குருத்து பட்டுப்போனால் தென்னை பட்டுப்போகும் என்பதை உழவர் அறிவர். உடலுக்கும் அதுவே பொருந்தும்.

இத்தகைய அணுக்கள் உள்ளன என்பதைக் கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் ஆகிய இருவரும் 1961ஆம் ஆண்டு சுண்டெலிகளின் எலும்பு மஜ்ஜையில் ஆய்ந்து மெய்ப்பித்தனர்.

அகவை ஏறும்போது நிகழ்வது

அதே 1961ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லெனார்டு ஹேஃபிளிக், பால் மூர்ஹெட் என்பவரோடு இணைந்து மற்றோர் உண்மையை வெளியிட்டார். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் இயல்பான மனித உயிரணு ஏறத்தாழ ஐம்பது முறை பிளந்தபின் பிளவுறுவதை நிறுத்திக்கொள்கிறது என்பதே அது. உடலின் செப்பனிடும் வேலைக்கு எல்லை உண்டு என்பதை இக்கண்டுபிடிப்பு உணர்த்தியது.

குருத்தணுக்கள் அனைத்தும் முதுமையில் செத்துப்போகின்றனவா? இவ்வினாவுக்கு 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இரினா கான்பாய், தாமஸ் ராண்டோ முதலியோர் ஒரு விடையளித்தனர். முதிய எலி ஒன்றையும் இளைய எலி ஒன்றையும் குருதியோட்டம் ஒன்றாகும்படி இணைத்தபோது, முதிய எலியின் காயமுற்ற தசை முன்னினும் நன்றாகச் சீராயிற்று. அதன் தசைக் குருத்தணுக்கள் இறந்துவிடவில்லை. சூழலின் மாற்றத்தால் சோர்ந்து உறங்கியிருந்தன என்பது புலனாயிற்று. விதை உயிரோடுதான் இருந்தது, மண்தான் வறண்டிருந்தது.

இவ்வாய்வை இளைஞர் குருதி முதியோர்க்கு மருந்து எனப் பொருள்படுத்தி, இளைஞரின் குருதிநீரை விலைக்கு ஏற்றும் நிலையங்கள் அமெரிக்காவில் தோன்றின. அதற்கு மெய்ப்பிக்கப்பட்ட பயன் ஏதும் இல்லை, தீங்கு நேரலாம் என அந்நாட்டு உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் எச்சரித்தது. எலியில் கண்ட ஒரு குறிப்புக்கும் மனிதர்க்குரிய மருந்துக்கும் இடையே நெடிய வழி உள்ளது என்பதற்கு இது சான்றாகும்.

மருத்துவம் கண்ட வெற்றிகள்

அவ்வழியை முழுமையாகக் கடந்த மருத்துவங்களும் உள்ளன. அவற்றுள் மூத்தது எலும்பு மஜ்ஜை மாற்று மருத்துவம். அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் 1957ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சி, பல தோல்விகளுக்குப் பின் இரத்தப் புற்றுநோயாளர் பலரை வாழவைத்தது. அதற்காக 1990ஆம் ஆண்டு அவர் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் 1983ஆம் ஆண்டில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986ஆம் ஆண்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் இம்மருத்துவம் தொடங்கப்பட்டது.

அடுத்தது தோல். 1975ஆம் ஆண்டில் ஹோவர்டு கிரீன், ஜேம்ஸ் ரைன்வால்டு ஆகியோர் மனிதத் தோலணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் முறையைக் கண்டனர். 1983ஆம் ஆண்டில் உடலின் 95 விழுக்காட்டுக்கு மேல் தீயால் வெந்துபோன சிறுவர் இருவரை, எஞ்சியிருந்த சிறு தோல் துண்டுகளிலிருந்து வளர்த்த தோலைக் கொண்டு அமெரிக்க மருத்துவர்கள் காப்பாற்றினர். 2015ஆம் ஆண்டு ஜெர்மனியில், சிரியாவிலிருந்து அடைக்கலம் புகுந்த குடும்பத்தைச் சேர்ந்த ஏழு அகவைச் சிறுவன் ஒருவன் பிறவித் தோல்நோயால் மேல்தோலின் பெரும்பகுதியை இழந்து இறக்கும் நிலையில் இருந்தான். இத்தாலிய அறிஞர் மைக்கேல் டெ லூக்கா குழுவினர் அவனுடைய தோலில் சிறு துண்டு ஒன்றை எடுத்து, மரபணுப் பிழையைத் திருத்தி, தாள் தாளாக வளர்த்து அனுப்பினர். உடலின் 80 விழுக்காடு அளவுக்குப் புதுத்தோல் பொருத்தப்பட்டது. சிறுவன் மீண்டும் பள்ளி சென்றான். அத்தோலைத் தாங்கி நிற்பவை சிறு எண்ணிக்கையிலான நீடு வாழும் குருத்தணுக்களே என்பதும் அச்சிகிச்சையின் வழி உறுதியாயிற்று.

மூன்றாவது கருவிழியின் மேற்படலம். கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் வளையத்தில்தான் அப்படலத்திற்குரிய குருத்தணுக்கள் வாழ்கின்றன. அமிலமோ சுண்ணாம்போ பட்டு அவ்வளையம் வெந்துபோனால் கருவிழி வெண்மை படர்ந்து பார்வை மறையும். 1997ஆம் ஆண்டில் கிராசியெல்லா பெல்லெகிரினியும் டெ லூக்காவும் நோயாளியின் நலமான கண்ணிலிருந்து எடுத்த குருத்தணுக்களை வளர்த்துப் பழுதுற்ற கண்ணில் பொருத்தினர். 2010ஆம் ஆண்டில் அக்குழுவினர் 112 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டபோது, நான்கில் மூன்று பங்கினர்க்கு மேல் நிலைத்த பயன் பெற்றிருந்தனர். ஐரோப்பிய ஒன்றியம் 2015ஆம் ஆண்டில் இம்மருத்துவத்தை ஏற்றது.

வெற்றிலைக்கென விற்கும் சுண்ணாம்பு சிறார் கண்ணில் தெறித்து ஊறு செய்வது நம் நாட்டில் அடிக்கடி நேர்வது. அணுக்களை வளர்க்கும் ஆய்வுக்கூடமோ பெருஞ்செலவுடையது. ஆதலின் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தைச் சார்ந்த வீரேந்தர் சங்க்வான் குழுவினர் 2012ஆம் ஆண்டில் எளிய முறையொன்றை வெளியிட்டனர். நலமான கண்ணின் வளையத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள துண்டு எடுக்கப்படுகிறது. அது சிறு சிறு துணுக்குகளாக்கப்பட்டு, பழுதுற்ற கண்ணின் மேல் விரித்த பனிக்குடப் படலத்தில் நாற்று நடுவது போலப் பதிக்கப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர வேண்டியவை கண்ணிலேயே வளர்ந்து பரவுகின்றன. ஏழை நாட்டுக்கேற்ற முறை என உலகம் இதனைப் பின்பற்றத் தொடங்கியது.

ஒரே நோய், இரு வழிகள்

2006ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யாமானாக்கா, முதிர்ந்த தோலணுவுள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதனைக் குருத்தணுவின் நிலைக்குத் திருப்பலாம் என எலிகளில் காட்டினார். அடுத்த ஆண்டே மனித அணுவிலும் காட்டினார். 2012ஆம் ஆண்டில் ஜான் கர்டனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒருவரின் தோலிலிருந்தே அவர்க்கு வேண்டிய வேறு உறுப்பின் அணுக்களைப் படைக்கலாம் என்னும் நம்பிக்கை இதனால் பிறந்தது.

அந்நம்பிக்கையை முதியோர் கண்ணோயில் சோதித்த இரு நிகழ்ச்சிகள் 2017ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழான ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியீட்டில், ஒரே இதழில் அச்சாயின. இரண்டிலும் நோய் ஒன்றே: முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து பார்வை மங்கும் நோய்.

முதலாவது ஜப்பானின் கோபே நகரில் நடந்தது. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் மசாயோ தகாஹாஷி குழுவினர், எழுபது அகவை கடந்த பெண்மணியின் தோலணுவை யாமானாக்கா முறையில் மாற்றி, விழித்திரையின் அடிப்படலமாக வளர்த்து, ஒரு கண்ணில் மட்டும் பொருத்தினர். ஓராண்டுக்குப் பின் படலம் சிதையாமல் இருந்தது. பார்வை கூடவுமில்லை, குறையவுமில்லை என்று அவர்கள் உள்ளபடியே எழுதினர். இரண்டாம் நோயாளிக்கென உருவாக்கிய அணுக்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டபோது, அவற்றைப் பொருத்தாமல் நிறுத்திவிட்டனர்.

இரண்டாவது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நடந்தது. 72 முதல் 88 வரை அகவையுடைய பெண்மணிகள் மூவர் ஒரு தனியார் நிலையத்தில் தலைக்கு 5,000 டாலர் செலுத்தினர். வயிற்றின் கொழுப்பிலிருந்து பிரித்த அணுக்கள் ‘குருத்தணு’ என்னும் பெயரில் அவர்களின் இரு கண்களிலும் ஒரே நாளில் செலுத்தப்பட்டன. சில நாள்களிலேயே விழித்திரை பிரிதல், குருதிக் கசிவு முதலிய கேடுகள் தோன்றின. சிகிச்சைக்கு முன் ஓரளவேனும் கண்டு நடமாடிய அவர்களுள், ஓராண்டுக்குப் பின் மிகுந்த பார்வை எஞ்சியிருந்தவரும் நலமான கண் 200 அடியில் காண்பதை 20 அடியிலேயே காணும் நிலையில் இருந்தார். ஒளியையும் உணரா நிலைக்கு இழிந்த கண்ணும் உண்டு. அரசின் ஆய்வுப் பதிவேட்டில் இந்நிலையத்தின் பெயர் இருந்தமையால், முறையான ஆய்வில் சேர்வதாக நம்பி வந்தவரும் அவர்களுள் இருந்தார்.

ஓரிடத்தில் ஐயம் எழுந்தவுடன் கை நின்றது. மற்றோரிடத்தில் ஐயத்துக்கே இடமளிக்கப்படவில்லை. இரண்டுக்கும் பெயர் ஒன்றே என்பதுதான் முதியோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடாகும்.

நம் நாட்டு நெறிமுறை

2007ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட நெறிமுறையின் தலைப்பில் ‘ஆய்வு’, ‘சிகிச்சை’ என்னும் இரு சொற்களும் இருந்தன. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ‘சிகிச்சை’ என்னும் சொல் தலைப்பிலிருந்து நீக்கப்பட்டது. ஏற்கப்பட்ட நோய்கள் தவிரப் பிறவற்றுக்கு இஃது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது என்பதை வற்புறுத்தவே ஒரு சொல்லை நீக்கினர். சொல்லின் ஆற்றலை அறிந்த தமிழ் மாணவர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். 2017ஆம் ஆண்டு நெறிமுறையும் அதனையே தொடர்ந்தது. 2021ஆம் ஆண்டில் அக்கழகம் வெளியிட்ட மதிப்பீட்டில், குறிப்பிட்ட இரத்த நோய்களுக்கான குருதிக் குருத்தணு மாற்றே நிலைபெற்ற மருத்துவமாக ஏற்கப்பட்டது. மூட்டுக் குருத்தெலும்பு போன்ற சிலவற்றுக்கு ஓரிரு தயாரிப்புகள் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதியைத் தனித்தனியே பெற்றுள்ளன. அவ்வனுமதி அத்தயாரிப்புக்கும் அந்நோய்க்கும் மட்டுமே உரியது.

ஆதலின் இத்தகைய மருத்துவம் பரிந்துரைக்கப்படும்போது நான்கு வினாக்களைக் கேட்டல் வேண்டும். ஒன்று, இத்தயாரிப்பு இந்நோய்க்கென அனுமதி பெற்றதா? இரண்டு, ஆய்வு எனில் நெறிக்குழுவின் ஒப்புதல் எங்கே? பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டும் ஒப்புதல் ஆகாது. மூன்று, ஆய்வு எனில் கட்டணம் ஏன்? ஆய்வுக்கு உட்படுவோரிடம் பணம் பெறலாகாது என்பது நெறி. நான்கு, கேடு விளைந்தால் பொறுப்பேற்பவர் யார்? ஒரே ஊசி மூட்டுவலிக்கும், நீரிழிவுக்கும், நினைவு மறதிக்கும் மருந்து எனக் கூறப்படின், வினாக்களுக்கும் தேவையில்லை, எழுந்து வந்துவிடலாம்.

சீரமைப்பாற்றலைக் காக்கும் வழிகள்

விலைகொடுத்து வாங்க இயலாத இவ்வாற்றலைப் பேணிக் காக்க இயலும். 1990ஆம் ஆண்டில் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லத்தில் 90 அகவையை ஒட்டியவர்க்கு எட்டு வாரம் கால்தசைப் பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்தோரின் தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தொண்ணூறிலும் தசை பயிற்சிக்கு இணங்குகிறது என்னும் செய்தி, எந்த விளம்பரத்தினும் மேலானது. மருத்துவரின் அறிவுரையோடு நாற்காலியில் அமர்ந்து எழுதல், படியேறுதல், சிறு எடையைத் தூக்குதல் ஆகியவற்றை எவரும் மேற்கொள்ளலாம்.

நீரிழிவு நம்மிடையே மிகுந்த நோய். குருதியில் சர்க்கரை மிகுந்தால் நுண்ணிய குருதிக் குழாய்களும் நரம்புகளும் கெடும். கால்விரலில் பட்ட சிறு புண்ணும் ஆறாமல் போகும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தலும், நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்தலும் உடலின் செப்பனிடும் பணிக்கு வழிவிடுதலாகும். புகைபிடித்தல் புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது; அதனை விடுவதற்கு எந்த அகவையும் காலங்கடந்ததன்று. புதிய தசைக்கும் தோலுக்கும் மூலப்பொருள் புரதம். பல் இல்லை எனக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளும் முதியோர்க்குப் பருப்பும் முட்டையும் மீனும் மென்மையாகச் சமைத்தளித்தல் வீட்டாரின் கடமை. வளர்ச்சிக்குரிய சுரப்புநீர் ஆழ்ந்த உறக்கத்திலேயே மிகுதியாகச் சுரப்பதால், உறக்கமும் மருந்தே ஆகும்.

முடிவுரை

மீளுருவாக்க மருத்துவம் குருதியிலும் தோலிலும் கருவிழியிலும் தன் வாக்கைக் காத்துள்ளது. விழித்திரையிலும் இதயத்திலும் அது இன்னும் பயின்றுகொண்டிருக்கிறது. முதுமையையே நீக்கும் மருந்தை அது கண்டுபிடிக்கவில்லை. உடலின் இயல்பான ஆற்றலுக்குத் துணைநிற்பதே அதன் பணி. அப்பணிக்குப் பொறுமை வேண்டும்.

நம் வீட்டு முதியோர் விளம்பரங்களை நம்புவதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. வலியும் தனிமையுமே பெருங்காரணங்கள். அவர்களோடு அமர்ந்து மருத்துவத் தாள்களைப் படித்துக் காட்டவும், மருத்துவமனைக்கு உடன் சென்று மேற்கண்ட நான்கு வினாக்களையும் அவர்கள் சார்பில் கேட்கவும், மாலையில் கைப்பிடித்து நடத்திச் செல்லவும் கற்ற பிள்ளைகள் முன்வரல் வேண்டும். அவ்வாறு செய்யின் மாணவர் பெற்ற கல்வி முதலில் தம் வீட்டிற்கே பயன்பட்டதாகும்.